ஊர் அளவில் குழந்தைகள் மனநல உதவியை ஒருங்கிணைப்பது எப்படி? நெல்லைச் சீமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவன் தங்கைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. அது அங்கன்வாடி டீச்சருக்குத் தெரியும். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அம்மா ராத்திரி தூங்குவதே இல்லை என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். அப்பாவின் கூலி எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரியும். இந்த நான்கும் ஒரே வீட்டுச் சங்கதி என்று சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

முக்கூடலோ, களக்காடோ, திசையன்விளையோ, எந்த ஊரை எடுத்தாலும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். உதவி இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் பெரிய ஆஸ்பத்திரி (திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, இலவச அழைப்பு எண்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில் பிள்ளை விழுந்துவிடுகிறது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் ஒருங்கிணைப்பு. பள்ளி மேலாண்மைக் குழு, மகளிர் குழு, ஊராட்சி, கோயில் அல்லது சர்ச் இளைஞர் குழு, சிறு தொண்டு நிறுவனம் என்று யார் இதைக் கையில் எடுத்தாலும் செய்யக்கூடிய முறையில் இங்கே எழுதியிருக்கிறோம். ஒரு கண்டிஷன்தான்: நீங்கள் வைத்தியம் பார்க்கப் போவதில்லை. பிள்ளையைச் சரியான கதவுக்குக் கொண்டுபோய், திரும்ப வீடு வரைக்கும் கூட வரப்போகிறீர்கள்.

சின்னதாகத் தொடங்குங்கள்

முதல் ஆண்டுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளியும் அதற்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு மூன்று ஊர்களும் போதும். ஒன்றியம் முழுக்க எடுத்துக்கொண்ட குழுக்கள் ஆறு மாதத்தில் வெறும் விழிப்புணர்வுக் கூட்டம் போடும் குழுவாக மாறிவிடும்.

எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று முன்கூட்டியே ஒரு கணக்குப் போடலாம். 2015–16-இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் சுமார் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. அந்த வயதில் 300 பிள்ளைகள் இருந்தால் இருபது இருபத்திரண்டு பேர். இதோடு பேச்சு தாமதம், படிப்பு ஏறாதது, வீட்டில் குடி என்று வரும் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்தால் முப்பதைத் தாண்டும். குடும்பத்தோடு கூடவே இருந்து தொடர்ந்து கவனிக்கும் ஒரு பொறுப்பாளர் ஒரே நேரத்தில் ஐந்து, மிஞ்சினால் ஆறு குடும்பங்களைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். ஆகவே ஐந்தாறு பொறுப்பாளர்கள் தேவை. கிடைப்பது இரண்டே பேர் என்றால் பன்னிரண்டு குடும்பங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு பாதியில் விட்ட குடும்பம் அடுத்த முறை யாருக்கும் கதவைத் திறக்காது.

யாரைச் சேர்ப்பது

குழுவில் ஏழிலிருந்து ஒன்பது பேர். கட்டாயம் இருக்க வேண்டியவர்கள்: பள்ளி ஆசிரியர் ஒருவர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர், மகளிர் குழுவில் நாலு பேர் மதிக்கிற ஒரு அக்கா. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு ஒன்று ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கும். புதிதாகப் பெயர்ப்பலகை மாட்டுவதைவிட அதை எழுப்பி உட்காரவைப்பது நல்லது. அலுவலகங்களில் பதில் கிடைக்கும்.

ஆள் தேர்ந்தெடுப்பதில் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகப் பாருங்கள். முதலாவது, எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும். ஒரே சாதிக்காரர்கள் நிறைந்த குழு என்று பெயர் வந்துவிட்டால் மற்ற தெருப் பிள்ளைகள் கணக்கிலேயே வரமாட்டார்கள். கூட்டத்தைச் சமுதாய மண்டபத்திலோ கோயில் வளாகத்திலோ வைக்காமல் அங்கன்வாடியிலோ நூலகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ வையுங்கள். இரண்டாவது, சொந்தக்காரரைப் பொறுப்பாளராகப் போடாதீர்கள். பெரியம்மா மகள்தானே, வீட்டுக்குள் போய் வர வசதி என்று தோன்றும். ஆனால் நாளைக்குப் பெண் பார்க்க வரும் இடத்தில் பேச்சு அடிபடும் என்ற பயத்தில், சொந்தக்காரரிடம்தான் குடும்பம் எதையும் சொல்லாது. மூன்றாவது, வாய். ஒரு ரகசியத்தை வைத்திருக்கத் தெரியாதவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கதவுகளின் பட்டியல்: ஒரு தாளில்

குழு கூடிய முதல் வாரத்திலேயே எந்தச் சிக்கலுக்கு எங்கே போவது என்று ஒரே தாளில் எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பது. இதைக் கேள்விப்பட்டு எழுதாமல் நேரில் விசாரித்து எழுதுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபாருங்கள். கிழமை மாறியது தெரியாமல் திசையன்விளையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டு வந்து திரும்பிப் போன அம்மாவை மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, குழந்தைகள் பிரிவு. வளர்ச்சித் தாமதம், ஆட்டிசம் என்ற சந்தேகம், நடை, பேச்சு ஆகியவற்றுக்கு டி.இ.ஐ.சி. என்று சொல்லும் ஆரம்பநிலை இடையீட்டு மையம். பிறப்பிலிருந்து 18 வயது வரை பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அவர்கள் வரும் தேதியைச் செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், பஸ் ஏறாமலேயே முதல் பரிசோதனை முடிந்துவிடும்.

எண்கள்: மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ்; 2022 அக்டோபர் முதல், 24 மணி நேரமும், தமிழில்). மருத்துவ ஆலோசனைக்கு 104. குழந்தைகளுக்கு 1098. பள்ளிப் பிரச்சினைக்கு 14417. பெண்களுக்கு 181. ஆம்புலன்ஸ் 108. காவல் உதவிக்கு 112. எண்ணைத் தாளில் அச்சடித்தால் போதாது. குழுவில் ஒவ்வொருவரும் 14416-ஐ ஒருமுறை அழைத்து, எடுத்தவுடன் என்ன கேட்கிறார்கள், மொழியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பழகியிருக்க வேண்டும். பதறிய அம்மாவின் கையில் போனைக் கொடுத்துவிட்டு நீங்களும் முழிக்கக் கூடாது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இங்கேதான் எல்லைச் சிக்கல் வரும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆலங்குளம், கடையம் பக்கத்துப் பிள்ளைக்கு வைத்தியம் பாளையங்கோட்டையில் நடக்கலாம். அடையாள அட்டையும் உதவித்தொகையும் தென்காசி அலுவலகத்தில்தான். மனுவோடு கொக்கிரகுளத்தில், அதாவது நெல்லை கலெக்டர் ஆபீஸில், போய் நின்றால் ஒரு திங்கட்கிழமை வீண்.

எதைப் பார்த்து உஷாராவது

பெரிய வார்த்தைகளைத் தேடாதீர்கள். மாற்றத்தைத் தேடுங்கள். முன்பு எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான், எத்தனை நாளாக? தூக்கம், சாப்பாடு, பள்ளி, கூட்டாளிகள் ஆகிய நான்கில் இரண்டு மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பொறுப்பாளர் ஒரு தடவை வீட்டுக்குப் போக வேண்டும். அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்று சொல்லி, டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்ற பிள்ளை. பன்னிரண்டு வயதில் திடீரென்று படுக்கையை நனைக்கும் பிள்ளை. முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை. இவர்கள் சத்தம் போடமாட்டார்கள். வகுப்பில் ரகளை பண்ணுகிறவனை எல்லோரும் கவனிப்பார்கள். பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பவளைப் பற்றி நீங்களாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாதம் ஒருமுறை ஆசிரியரிடம், "உங்க கிளாஸ்ல நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளான பிள்ள யாரு?" என்று கேட்டால் போதும்.

பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் பற்றிக் கேட்கும் எஸ்.டி.க்யூ. என்ற 25 கேள்விகள் கொண்ட தாள் தமிழில் உண்டு. பெற்றோருக்கு, ஆசிரியருக்கு, 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு என்று தனித்தனியாக வரும். கடந்த ஆறு மாதத்தைப் பற்றி ‘இல்லை, ஓரளவு, நிச்சயம்’ என்று மூன்று விதமாகப் பதில் சொல்ல வேண்டும். 20 கேள்விகளைக் கூட்டினால் 40-க்கு ஒரு மதிப்பெண் வரும். அது கூடினால் ‘டாக்டரிடம் காட்டலாம்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். நோயின் பெயரை அது சொல்லாது. வகுப்பு முழுக்கக் கொடுத்து, மதிப்பெண்ணைக் கரும்பலகையில் எழுதும் தவறு மட்டும் நடந்துவிடக் கூடாது.

சின்னப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையென்றால் முதலில் காது. கேட்கிறதா என்று சோதிக்காமல் ஒரு வருஷம் பேச்சுப் பயிற்சிக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. 1897-லேயே காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இது நடக்கலாகாது. "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனான்" என்று ஆச்சி சொல்வார். மறுத்துப் பேசாமல், "பேசட்டும் ஆச்சி, காது மட்டும் ஒருக்க பாத்துருவோம்" என்று கூட்டிவாருங்கள்.

முதல் பேச்சு

எப்போது போகிறோம் என்பதிலேயே பாதிக் காரியம் இருக்கிறது. பீடி சுற்றும் வீடு என்றால் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் நல்லது. பீடிக் கடையில் கட்டுகளை ஒப்படைக்கக் கிளம்பும் அவசரத்தில் போய் நின்றால், "நாளைக்கு வாங்கம்மா" என்றுதான் வரும். அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையைச் சுருட்டும்போது கூட உட்கார்ந்தால், முகத்தைப் பார்க்காமல் பேச வசதியாக இருக்கும். கண்ணீர் வந்தாலும் குனிந்துகொள்ளலாம். உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் அப்பாவைப் பிடிக்க ஞாயிறு பூசைக்குப் பிறகுதான் தோது. வளைகுடாவில் இருக்கும் அப்பாவையும் விட்டுவிடாதீர்கள். சவூதி, குவைத் என்றால் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு வீடியோ காலில் பத்து நிமிஷம் பேசிவிட்டால், "என்னக் கேக்காம ஆஸ்பத்திரிக்கு ஏன் கூட்டிட்டுப் போன?" என்ற சண்டை பிறகு வராது.

என்ன சொல்லித் தொடங்குவது? "உங்க மகனுக்கு மனசு சரியில்லைன்னு டீச்சர் சொன்னாங்க" என்று தொடங்கினால் கதவு சாத்தப்படும். உடம்பிலிருந்து தொடங்குங்கள்:

"யக்கா, பய இப்ப ராத்திரி ஒழுங்கா தூங்குதானா?"

"எங்க தூங்குதான்? விட்டத்தப் பாத்துக்கிட்டே கெடக்கான்."

"எத்தன நாளா இப்பிடி?"

"ஆடிக் கொடை முடிஞ்சதுலருந்துதான்."

"கொடையில ஏதும் நடந்துதாக்கா?"

கோயில் கொடையில் என்ன நடந்தது என்ற இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும். நாலு பீடி சுற்றும் நேரம் அமைதியாக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் முந்திக்கொண்டு புத்தி சொன்னால் வந்த பேச்சு உள்ளே போய்விடும். கிறுக்கு, லூசு என்ற சொற்களைக் குடும்பமே சொன்னாலும் நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள்.

பிள்ளையிடம் தனியாக, ஆனால் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் பேசுங்கள்; திண்ணை, பள்ளி மரத்தடி போல. தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, உன்ன யாராவது கஷ்டப்படுத்துதாங்கன்னு தெரிஞ்சாலோ, உன்னக் காப்பாத்துதவங்ககிட்ட சொல்லியே ஆகணும். சொல்லுததுக்கு முன்ன உன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மொட்டையாகச் சத்தியம் செய்துகொடுத்தவர்கள் பிறகு அதை உடைக்க வேண்டி வந்து பிள்ளையின் நம்பிக்கையை இழந்திருக்கிறார்கள்.

வீட்டில் முடிவு எடுப்பவர் யார் என்பதையும் அன்றே கண்டுகொள்ளுங்கள். பல வீடுகளில் அது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆச்சியோ தாய்மாமாவோ இருப்பார்கள். அவர்களை மூன்றாவது சந்திப்புவரை தள்ளிப்போட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

சம்மதமும் சீட்டும்

பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஐந்து வரி போதும்: யாரிடம் என்ன விவரம் சொல்லப்படும், எதற்காக, எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பது. வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளையிடமும் "போலாமா?" என்று கேளுங்கள். பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுதான் அடிக்கடி நடக்கும் பெரிய தப்பு. அத்தை வீட்டுக்கு என்று சொல்லிக் கூட்டிவந்த பிள்ளை டாக்டர் முன்னால் வாய் திறக்காது.

டாக்டருக்குக் கொடுக்கும் சீட்டில் நோயின் பெயரை எழுதாதீர்கள். ‘மனநலம் பாதிக்கப்பட்ட மாணவர், தக்க சிகிச்சை அளிக்கவும்’ என்ற சீட்டால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

‘வயது 12. ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து பள்ளிக்கு வரவில்லை. அதற்கு முன் லீவு போடாதவன். இரவு இரண்டு மணிவரை தூங்குவதில்லை (அம்மா சொன்னது). சாப்பாடு ஒரு வேளை. "நான் இருந்து என்ன" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறான். வலிப்பு வந்ததில்லை. வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. வீட்டில் அப்பா தினமும் குடிப்பவர். தங்கைக்குப் பேச்சு தாமதம்.’

எட்டு வரியைத் தாண்ட வேண்டாம். நெரிசலான ஓ.பி.யில் அரை நிமிஷத்தில் வாசிக்க முடிய வேண்டும்.

ஆஸ்பத்திரி நாள்

முதல் தடவை பொறுப்பாளர் கூடவே போக வேண்டும். இதில் சலுகை கிடையாது. விலாசம் சொல்லி அனுப்பிய குடும்பங்களில் பல பாதி வழியில் திரும்பிவிடும். ஓ.பி. சீட்டு காலையில்தான், ஏழரைக்கு வரிசையில் நிற்கும்படி கிளம்புங்கள். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஹைகிரவுண்டுக்கு டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை; வெளியூர் பஸ்ஸுக்கு உண்டு. அந்தக் காசைக் குழு முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், பிறகு தருகிறோம் என்றால் பயணமே தள்ளிப்போகும்.

பையில்: ஆதார், குடும்ப அட்டை நகல், பழைய மருத்துவச் சீட்டுகள், தடுப்பூசி அட்டை, பள்ளி வருகை விவரம், உங்கள் சீட்டு, ஒரு நோட்டு, தண்ணீர், சாப்பிட ஏதாவது. பசியோடு மூன்று மணி நேரம் காத்திருந்த பிள்ளையை வைத்து எந்த டாக்டராலும் எதையும் கணிக்க முடியாது.

வெளியே வரும்முன் நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மாத்திரை எதற்கு, எத்தனை நாளில் வேலை செய்யும், எதைக் கண்டால் உடனே வர வேண்டும், அடுத்த தேதி என்ன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் பலன் காட்டத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இது தெரியாத குடும்பம் எட்டாவது நாள், "ஒண்ணும் கேக்கலை, தூக்கந்தான் வருது" என்று நிறுத்திவிடும். இதே முதல் வாரங்களில்தான் பிள்ளை படபடவென்று இருக்கிறதா, சாவைப் பற்றிப் பேசுகிறதா என்று கூடுதலாகக் கவனிக்கவும் வேண்டும். மாத்திரை பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும். பிள்ளையிடமே மொத்த அட்டையையும் கொடுக்க வேண்டாம்.

நோட்டும் மாதக் கூட்டமும்

ஒரு நீள நோட்டு. பிள்ளைக்குப் பெயருக்குப் பதில் எண்: ‘கள-07’ என்பது போல. எந்த எண் யார் என்பது வேறொரு சின்ன நோட்டில், பூட்டிய அலமாரியில். பக்கத்தில் ஆறு கட்டங்கள்: தேதி, யார் பார்த்தது, என்ன தெரிந்தது, அடுத்து என்ன, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். முதல் மூன்று கட்டத்தை எல்லோரும் நிரப்புவார்கள். கடைசி மூன்று காலியாகக் கிடக்கும் நோட்டு, வேலை நின்றுபோன நோட்டு.

ஆஸ்பத்திரி போய்வந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு போன். ஒரு வாரத்தில் நேரில். மறுதேதிக்கு இரண்டு நாள் முன்பு நினைவூட்டல். மாத்திரை தீருமுன் ஒரு விசாரிப்பு. ஒரு மறுதேதி தவறினால் அதே வாரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும். திட்டுவதற்கு இல்லை, என்ன தடுத்தது என்று கேட்க. பெரும்பாலும் கூலி, கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாதது, "சரியாயிட்டான்" என்ற நினைப்பு, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

மாதக் கூட்டம் ஒரு மணி நேரம், மாறாத கிழமையில். புதிய பிள்ளைகள், தேங்கி நிற்பவை, தேதி தவறியவை, இவ்வளவுதான் பேச்சு. எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். வாட்ஸப் குழுவில் பெயர், படம், குரல் பதிவு எதுவும் வரக் கூடாது. ஒரே ஒரு குரல் பதிவு டீக்கடைக்குப் போய்விட்டால் இரண்டு வருஷ உழைப்பு அன்றோடு முடிந்தது.

குடும்பத்தையும் சேர்த்துப் பாருங்கள்

பிள்ளைக்குக் கொடுக்கும் ஆலோசனை வீட்டில் கரைந்துபோகும் இடம் பெரும்பாலும் அப்பாவின் குடி அல்லது அம்மாவின் சோர்வு. பிரசவத்துக்குப் பின் மாதக்கணக்கில் தூங்காத அம்மாவுக்கும் அதே நாளில் ஒரு ஓ.பி. சீட்டு போடுங்கள். தினமும் நிறையக் குடித்தவர் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. ‘மாலை போட்டு நிறுத்தப்போறேன்’ என்பவரையும் முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பண உதவி வைத்தியத்தைத் தாங்கும் தூண். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், கணவனை இழந்தவர் வளர்க்கும் பிள்ளை, பெற்றோர் கடும் நோயில் இருக்கும் பிள்ளை போன்றோருக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் இருந்தால் முதலில் தனித்துவ அடையாள அட்டை. அதை வைத்துத்தான் பராமரிப்புத் தொகை, பஸ் சலுகை, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு எல்லாம். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவை கிடைக்கும். ஆனால் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதமே இந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள். ஜனவரியில் ஓடுபவர்களுக்குக் காலம் போதாது.

சாதியைப் பேசாமல் இந்த வேலை நடக்காது

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதும், அதையொட்டி நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். கையில் கட்டும் வண்ணக் கயிறுகளை விலக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இந்த மாவட்டத்தில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையிடம் பாடத்தைக் கேட்பதற்கு முன் பஸ்ஸைக் கேளுங்கள்: எந்த சீட்டில் உட்காருகிறான், யார் பையைத் தூக்கச் சொல்கிறார்கள், என்ன பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்? அவமானத்தால் தூங்காத பிள்ளைக்குத் தூக்க மாத்திரை மட்டும் கொடுத்தால், அவமானம் அப்படியே இருக்கும். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். பிள்ளைகள் புகாரை எழுதிப் போட பள்ளியில் இருக்கும் ‘மாணவர் மனசு’ பெட்டி திறக்கப்படுகிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 14417. இரண்டு பக்கப் பிள்ளைகளையும் கூட்டிவைத்துக் கைகுலுக்கச் சொல்லிச் சமாதானம் செய்யும் வழக்கம் வேண்டாம். அடிபட்டவன் இன்னொரு தடவை அடிபடுவது அங்கேதான். அடித்த பிள்ளைக்கும் தனியாக ஆலோசனை தேவை, அதையும் விட்டுவிடாதீர்கள்.

உயிர் ஆபத்து என்றால்

சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துரலாம்னு தோணுதாப்பா?" கேட்டால் புதிதாக எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. கேட்டால்தான் இறக்கிவைக்க முடியும். ஆமென்றால், அந்த நிமிஷத்திலிருந்து பிள்ளை தனியாக இருக்கக் கூடாது. ஒருவர் கூட இருக்க, இன்னொருவர் வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். பரணில் ஒளித்துவைப்பது போதாது. 14416-ஐ அழையுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

எதையாவது விழுங்கிவிட்டால் 108. உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் ஏறிவிடும். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப்போங்கள். எலிமருந்து என்றால் பிள்ளை முதல் நாள் நன்றாக இருப்பதுபோலத் தெரியலாம். அதை நம்பி டாக்டர் விடுமுன் வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்கும் குடும்பத்துக்குச் சொல்லுங்கள்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை.

பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால்

இங்கே குழுவுக்கு யோசிக்கும் உரிமையே கிடையாது. போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-இன்படி விஷயம் தெரிந்தவர் யாரானாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அதுவே குற்றம். 1098 அல்லது 112. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். உடுப்பைத் துவைக்க வேண்டாம். வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரியிடம் கொடுக்கலாம் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். ஸ்டேஷன் வாசலை நினைத்துத்தான் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். ஊர்க் கூட்டத்தில் வைத்து ‘பேசி முடிப்பது’ என்று யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும், குழு அதில் உட்காரக் கூடாது.

சாமியும் மருந்தும்

காத்துக்கருப்பு, பயந்த கோளாறு என்று திருநீறு போடவும், உவரிக்கும் புளியம்பட்டிக்கும் அந்தோணியாரிடமும், ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கும் போகும் குடும்பங்களை மறிக்காதீர்கள். நம்பிக்கை அவர்களுக்குத் தெம்பு. கேட்க வேண்டியது மூன்று மட்டும்: மாத்திரை நிற்கக் கூடாது, பிள்ளையைக் கட்டவோ அடிக்கவோ பட்டினி போடவோ கூடாது, மறுதேதி தவறக் கூடாது. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் சிக்கி இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கோடாங்கியிடமும் போதகரிடமும் நேரில் போய்ப் பேசி வையுங்கள். "தூங்காம, சாப்பிடாம வர்ற பிள்ளய எங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி" என்றால் பலர் அனுப்பிவைப்பார்கள். முதலில் குடும்பம் போவது அவர்களிடம்தானே.

ஆண்டு நாட்காட்டி

மே மாதம் தேர்வு முடிவு வரும் வாரத்தில் பொறுப்பாளர்கள் யாரும் வெளியூர் போகக் கூடாது. முடிவுக்கு முந்தின நாளே தெரிந்த வீடுகளுக்குப் போய், "மார்க் எப்படி வந்தாலும் நாளைக்கு யாரும் பிள்ளயத் திட்டக் கூடாது, தனியா விடக் கூடாது" என்று பெரியவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஆடி, சித்திரைக் கொடைகளிலும் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும்போதும் வீடு பூட்டிக் கிடக்கும்; மறுதேதி அதில் விழாதபடி முன்பே டாக்டரிடம் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் வீட்டை விட்டு ஓடிய தெருக்களின் பிள்ளைகளை ஒரு சுற்றுப் பாருங்கள். ராத்திரி மழை பெய்தால் எழுந்து உட்காரும் பிள்ளையிடம், தண்ணீர் வந்தால் எங்கே போவோம், யார் கையைப் பிடிப்பது, எந்தப் பையை எடுப்பது என்று பகலிலேயே பேசிப் பழகிவைத்தால் பயம் பாதி தணியும். பெரிய சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவும் திடுக்கிடலும் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எப்போது கணக்கை முடிப்பது

தூக்கம், சாப்பாடு, பள்ளி, கூட்டாளிகள் நான்கும் மூன்று மாதம் தொடர்ந்து ஒழுங்காக இருந்து, டாக்டரும் சரியென்றால் வாராந்திர வருகையை நிறுத்தலாம். சட்டென்று நிறுத்தாமல் மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று குறையுங்கள். மருந்தை நிறுத்துவது டாக்டரின் வேலை, நம்முடையது இல்லை. வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால், சென்னையோ மும்பையோ, மருத்துவச் சீட்டுகளின் நகலும், ஒரு மாத மாத்திரையும், அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியின் விவரமும் கையில் இருக்கிறதா என்று பார்த்து பஸ் ஏற்றுங்கள். போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒரு போன் போட்டு, அங்கே ஓ.பி. சீட்டு போட்டாயிற்று என்று கேட்ட பிறகுதான் நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே கோடு போட வேண்டும்.